30 லட்சம் வித்த கேமுக்கு ஏன் "எதிர்பார்ப்பை எட்டேல்லை" எண்டு சொல்லினம்?

ஒரு கேம் வந்து ஒரு கிழமைக்குள்ள 30 லட்சம் கொப்பி போனது. ஒரு வருசம் போகமுதலே அதைச் செய்த கொம்பனியே முதலீட்டாளருக்கு விளக்கம் சொல்லேக்க, அந்தக் கேமால வந்த லாபம் நாங்கள் நினைச்ச அளவுக்கு இல்லை எண்டு சொன்னது. ரெண்டும் உண்மை. ஃபைனல் ஃபேன்டசி 16ஐப் பற்றித்தான் சொல்லுறன், ஸ்குயர் எனிக்ஸ் கொம்பனி செய்து, 2023 யூன் 22இல சோனியின்ர பிளேஸ்டேசன் 5 கொன்சோலுக்கு மட்டும் வந்த கேம். இந்த ரெண்டு செய்தியில ஒண்டை ஒரு பக்கம் தூக்கிப்பிடிக்குது, மற்றதை மற்றப் பக்கம் தூக்கிப்பிடிக்குது, பேஸ்புக் குறூப்பிலயும் டியூசன் முடிஞ்சு நிண்டு கதைக்கிற பெடியளிட்டயும் இண்டைக்கும் இந்தச் சண்டை ஓயேல்லை. "30 லட்சம் வித்தது எப்பிடி ஃபிளொப் ஆகும்" எண்டு ஒராள், "கொம்பனியே ஒத்துக்கொண்டிட்டுது" எண்டு இன்னொராள்.

பிரச்சினை என்னெண்டால் ரெண்டு பேரும் வேற வேற விசயத்தைக் கதைக்கினம். "சேல்ஸ் எக்ஸ்பெக்டேசன்" எண்ட சொல்லை எல்லாரும் பாவிக்கினம், ஆனா அது எங்கயிருந்து வருது, ஆர் போடுறது, எதை வைச்சுப் போடுறது எண்டு பாக்கிற ஆக்கள் குறைவு. அதை அடியிலயிருந்து சொல்லிப் பாப்பம், கணக்கியல் படிச்சிருக்கத் தேவையில்லை.

## எதிர்பார்ப்பு ஆருடையது?

நல்லூர்த் திருவிழாவில கச்சான் கடை போடுற ரெண்டு பேரை யோசிச்சுப் பாருங்கோ. ஒராள் நல்ல இடமாப் பாத்துக் காசு கட்டி எடுத்து, லைற் போட்டு, ரெண்டு பேரைச் சம்பளத்துக்கு வைச்சு, 25 நாளுக்கும் சேர்த்து 1000 கிலோ விப்பன் எண்டு கணக்குப் போட்டுக் கச்சான் இறக்கியிருக்கிறார். மற்றவர் சைக்கிளில பெட்டியைக் கட்டிக்கொண்டு வாறவர், 100 கிலோ போனாலே போதும் எண்ட நினைப்பு. திருவிழா முடிய முதலாமவர் 800 கிலோ வித்திருக்கிறார், ரெண்டாமவர் 150 கிலோ.

ஆர் கனக்க வித்தது எண்டு கேட்டால் முதலாமவர்தான், அதில கேள்வியே இல்லை. ஆர் எதிர்பார்ப்பை எட்டினது எண்டு கேட்டால் சைக்கிள்காரர். ஆர் கையில கடைசியா மிஞ்சின காசு கூட எண்டு கேட்டால், இடத்துக்குக் கட்டினது, சம்பளம், மிஞ்சிக் கிடக்கிற 200 கிலோ எல்லாத்தையும் கழிச்சுப் பாக்காமச் சொல்லேலாது. மூண்டு கேள்வி, மூண்டுக்கும் வேற வேற பதில்.

கேம் வியாபாரத்திலயும் அப்பிடித்தான். எதிர்பார்ப்பு எண்டுறது கேம் வாறதுக்கு முதலே கொம்பனி தனக்குள்ள போட்டு வைச்சிருக்கிற ஒரு எண். ரசிகருடைய ஆசையோ, யூரியூப்பில ட்ரெய்லரைப் பாத்த ஆக்களின்ர எண்ணிக்கையோ அதில்லை. பெரும்பாலும் அந்த எண்ணை வெளியில சொல்லவும் மாட்டினம். நாங்கள் காணுறது ஒரு பக்கத்தை மட்டும்தான், எவ்வளவு வித்தது எண்டு. எவ்வளவு விக்கவேணும் எண்டிருந்தது எண்ட மற்றப் பக்கம் மூடித்தான் கிடக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் 2013இல வந்த டூம் ரெய்டர். அது எக்ஸ்க்ளூசிவ் இல்லை, அதாவது ஒரு கொன்சோலுக்கு மட்டும் வந்ததில்லை, ஆனா விசயம் விளங்க இதைவிட நல்ல கதை இல்லை. மார்ச் மாசம் வந்தது, அந்த மாசம் முடியமுதலே 34 லட்சம் எண்டு எண் வந்தது, விமர்சனமும் நல்லம். அப்பிடியிருந்தும் அதே ஸ்குயர் எனிக்ஸ் கொம்பனி அதை எதிர்பார்ப்புக்குக் கீழ எண்டு அறிவிச்சது. அந்த வருசக் கணக்கில 1300 கோடி யென் அளவு நட்டம் வரும் எண்டு சொல்லி, தலைவரா இருந்த யொய்ச்சி வாடாவும் பதவியை விட்டார். பிறகு அதே டூம் ரெய்டர் விலை குறைஞ்சு குறைஞ்சு வருசக்கணக்கா வித்துக்கொண்டே போய் 2021 அளவில 1 கோடி 45 லட்சத்தைத் தாண்டினது. கேம் மாறேல்லை, வாங்கினவையும் அதே மாதிரிச் சனம்தான், கொம்பனி முதல் சில கிழமைக்கெண்டு வைச்ச எண்தான் பிழைச்சது.

இதுவரைக்கும் சொன்னதில ஞாபகம் வைக்கவேண்டியது ஒண்டுதான்: வித்த எண்ணிக்கை ஒண்டு, எதிர்பார்ப்பு ஒண்டு, லாபம் ஒண்டு. மூண்டையும் ஒரே சொல்லால கதைச்சாச் சண்டைதான் வரும்.

## அந்த எண்ணை எப்பிடிப் போடுகினம்

முதல்ல செலவு. ஒரு பெரிய கேமுக்கு இண்டைக்கு எவ்வளவு போகுது எண்டு கொம்பனிகள் வாய் திறக்கிறதில்லை, ஆனா 2023இல அமெரிக்காவில மைக்ரோசொஃப்ற் ஆக்டிவிசன் எண்ட கேம் கொம்பனியை வாங்குற வழக்கு நடக்கேக்க சோனி குடுத்த ஆவணத்தில எண்களைக் கறுப்பு மையால அழிச்சது வடிவா அழிபடேல்லை. அதால உலகம் முழுக்கத் தெரிய வந்தது: தி லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2க்கு 22 கோடி டொலர், ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டொலர். ஹொரைசனில 300 பேர் அளவில அஞ்சு வருசம் வேலை செய்திருக்கினம். செலவில பெரிய பங்கு சம்பளம், மெசினோ கட்டடமோ இல்லை, ஆக்கள்தான். கேம் ஒரு வருசம் பிந்தினால் அந்த ஒரு வருசச் சம்பளமும் கூடும், அதோட எதிர்பார்ப்பும் கூடும்.

அடுத்தது ஒரு கொப்பி வித்தால் கையுக்கு எவ்வளவு வருது எண்டது. 70 டொலர் கேம் எண்டால் 70ம் செய்தவனுக்கு வாறதில்லை. டிஜிட்டலா வித்தால் ஸ்ரோர் வைச்சிருக்கிற கொம்பனி வழமையா 30 வீதம் எடுக்கும், மிச்சம் 49 டொலர். டிஸ்க் எண்டால் கடைக்காரன், டிஸ்க் அடிக்கிற செலவு, ஏத்திப் பறிக்கிறது எண்டு வேற வழியால போகும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. உண்மையான கேம் ஒண்டின்ர எண் இல்லை இது, விளங்குறதுக்காக வைச்சது. செய்யிற செலவு, விளம்பரம் எல்லாம் சேர்த்து 20 கோடி டொலர் எண்டு வையுங்கோ. கொப்பிக்கு 49 டொலர் வருது எண்டால் 40 லட்சத்துக்கு மேல ஒரு எண்பதாயிரம் அப்பிடி வித்தாத்தான் போட்ட காசு திரும்பி வரும். இந்தப் புள்ளியைத்தான் பிரேக் ஈவன் எண்டுறது, நட்டமும் இல்லை லாபமும் இல்லை எண்ட இடம். ஆனா இந்தக் கணக்கில எல்லாரும் முழு விலைக்கு வாங்கினதா வைச்சிருக்கிறம். ஆறு மாசத்தில விலை பாதியாகேக்க வாங்குற ஆளால கொம்பனிக்கு வாறது 49 டொலரில்லை, 24.5 டொலர்தான், அப்ப தேவையான எண்ணிக்கை இன்னும் ஏறும். அதாலதான் கொம்பனிகள் முதல் கிழமையிலயும் முதல் மாசத்திலயும் அவ்வளவு கண் வைச்சிருக்கினம், முழு விலை குடுக்கிற ஆள் வாறது அந்த நேரத்திலதான்.

இன்னொண்டு, பிரேக் ஈவனும் எதிர்பார்ப்பும் ஒண்டில்லை. அஞ்சு வருசமாக் காசை முடக்கி வைச்சிருந்த கொம்பனிக்குப் போட்ட காசு மட்டும் திரும்பி வந்தால் காணாது. அடுத்த கேமுக்கு அடிப்பணம் வேணும், கைவிட்ட கேம்களின்ர செலவையும் ஓடின கேம்தான் சுமக்கவேணும், பங்குதாரருக்கு ஒரு வளர்ச்சியைக் காட்டவேணும். அப்ப எதிர்பார்ப்பு பிரேக் ஈவனுக்கு மேல எங்கயோ உயரத்தில நிக்கும். ஒரு கேம் லாபம் காட்டியும் எதிர்பார்ப்புக்குக் கீழ நிக்கிறது இதாலதான், அதில முரண் ஒண்டும் இல்லை.

## எக்ஸ்க்ளூசிவ் எண்டால் மேல ஒரு கூரை

இதுதான் இந்த விசயத்தின்ர நெஞ்சு, கொஞ்சம் ஆறுதலாப் போவம்.

எக்ஸ்க்ளூசிவ் எண்டுறது ஒரு கொன்சோலில மட்டும் விளையாடக்கூடிய மாதிரி விடுற கேம். சிலது எப்பவுமே அந்தக் கொன்சோலோடதான், சிலது ஒரு ஆறு மாசம் ஒரு வருசம் மட்டும், பேந்து பிசிக்கோ மற்றக் கொன்சோலுக்கோ போகும். எப்பிடியிருந்தாலும் அந்தக் காலத்துக்குள்ள வாங்கக்கூடிய ஆக்கள் எவ்வளவு எண்டால், அந்தக் கொன்சோல் வைச்சிருக்கிற ஆக்கள் எவ்வளவோ அவ்வளவுதான். இதை இன்ஸ்டால் பேஸ் எண்டு சொல்லுவினம். அதில எத்தினை பேர் அந்தக் கேமை வாங்கினம் எண்ட வீதம் அட்டாச் ரேட். கச்சான்காரரை நீ ஒரு வீதியில மட்டும்தான் கடை போடலாம் எண்டு மறிச்சால், அந்த வீதியால வாற சனம்தான் அவருக்கு உலகம், மற்ற மூண்டு வீதியிலயும் எவ்வளவு சனம் நெருக்குப்பட்டாலும் அவருக்கு ஒண்டும் இல்லை.

இனி உண்மையான எண்களை வைப்பம். மூண்டும் ஃபைனல் ஃபேன்டசி வரிசையில வந்தவை.

2016 நொவம்பரில வந்த ஃபைனல் ஃபேன்டசி 15, முதல் நாளே 50 லட்சம் எண்டு கொம்பனி சொன்னது. அது பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ரெண்டுக்கும் வந்தது, பிளேஸ்டேசன் 4 மட்டும் அப்ப 5 கோடி அளவில வித்திருந்தது.

2020 ஏப்ரலில வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக், மூண்டு நாளில 35 லட்சம். பிளேஸ்டேசன் 4க்கு மட்டும். அந்த நேரம் பிளேஸ்டேசன் 4 வித்தது 11 கோடி அளவில.

2023 யூனில வந்த ஃபைனல் ஃபேன்டசி 16, முதல் கிழமை 30 லட்சம். பிளேஸ்டேசன் 5க்கு மட்டும். அந்தக் கோடையில பிளேஸ்டேசன் 5 எண்ணிக்கை 4 கோடி அளவில.

வெறும் எண்ணைப் பாத்தால் 50, 35, 30, இறங்கிக்கொண்டு போகுது, இதைத்தான் ஃபிளொப் எண்டு சொல்லுற ஆக்கள் காட்டுறது. ஆனா வீதத்தைப் பாருங்கோ. ரீமேக்கை நூறு பிளேஸ்டேசன் 4க்கு மூண்டு பேர் வாங்கியிருக்கினம். 16ஐ நூறு பிளேஸ்டேசன் 5க்கு ஏழு எட்டுப் பேர் வாங்கியிருக்கினம். ஒண்டு மூண்டு நாள் கணக்கு, மற்றது ஒரு கிழமைக் கணக்கு, அதால ரெண்டையும் நேருக்கு நேர் வைக்கிறதில கொஞ்சம் கவனம் வேணும், ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், அது நாலு நாளால வந்த வித்தியாசம் இல்லை. அந்தக் கேமைச் சனம் வேண்டாம் எண்டு தள்ளேல்லை. வாங்கக்கூடிய நிலையில இருந்தவை நல்லாத்தான் வாங்கியிருக்கினம், வாங்கக்கூடிய நிலையில இருந்தவைதான் குறைவு.

அதே 2023 மே மாசம் நின்டெண்டோவின்ர செல்டா, டியர்ஸ் ஒஃப் த கிங்டம், மூண்டு நாளில 1 கோடி வித்தது. அதுவும் எக்ஸ்க்ளூசிவ்தான். ஆனா அப்ப நின்டெண்டோவின்ர ஸ்விச் கொன்சோல் 12 கோடிக்கு மேல வித்திருந்தது. கூரை மூண்டு மடங்கு உயரம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில வைச்சு "பாத்தியா" எண்டு கேக்கிற ஆக்கள் இன்ஸ்டால் பேஸை ஒருக்காப் பாத்திட்டுக் கேட்டால் நல்லம்.

ஆனா இஞ்ச ஒரு நியாயமான கேள்வி வரும். கூரை குறைவு எண்டு தெரிஞ்சும் ஏன் ஒரு கொம்பனி அதுக்குள்ள போய் நிக்குது? மற்றக் கொம்பனியின்ர கேமை எக்ஸ்க்ளூசிவா எடுக்கேக்க கொன்சோல்காரன் ஏதாவது குடுப்பான், காசாவோ, விளம்பரச் செலவைப் பொறுக்கிறதாவோ, தொழில்நுட்ப உதவியாவோ. ஒரு கொன்சோலுக்கு மட்டும் செய்யிறதால வேலையும் குறையும், ஒரு மெசினில ஓடினாச் சரி. ஒப்பந்தத்தில என்ன எழுதியிருக்கு எண்டு வெளியில வாறது அரிது. வீதிக்காரன் கச்சான்காரரிட்ட இடத்துக்குக் காசு வாங்காம விட்டால், 800 கிலோ வித்தும் அவர் சந்தோசமா வீட்டை போவார். அதால எக்ஸ்க்ளூசிவ் கேம் ஒண்டை வித்த எண்ணிக்கையை மட்டும் வைச்சு எடைபோடுறது அரைக் கணக்கு.

சுருக்கமாச் சொன்னால்: எக்ஸ்க்ளூசிவ் கேமில எண்ணிக்கையைக் கேட்டவுடன அந்தக் கொன்சோல் எத்தினை வீட்டில இருக்கு எண்டு கேக்கவேணும். அந்தக் கேள்வி இல்லாம வாற எந்த ஒப்பீடும் பிழைக்கும்.

## சொந்தப் பிள்ளையும் வாடகைக்கு வந்ததும்

எக்ஸ்க்ளூசிவ்களில ரெண்டு சாதி இருக்கு. சோனியே செய்யிற கேம் ஒண்டு, ஸ்குயர் எனிக்ஸ் மாதிரி வேற கொம்பனி செய்து சோனிக்கு மட்டும் குடுக்கிற கேம் இன்னொண்டு. ரெண்டுக்கும் எதிர்பார்ப்பு ஒரே மாதிரி இல்லை.

மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2, 2023 ஒக்ரோபரில வந்து 24 மணித்தியாலத்தில 25 லட்சம், 2024 ஏப்ரலில 1 கோடி 10 லட்சம். அது சோனியின்ர கேம். ஒராள் அந்தக் கேமுக்காக பிளேஸ்டேசன் 5 வாங்கினால், பிறகு அவர் டிஜிட்டலா வாங்குற ஒவ்வொரு வேற கேமிலயும் சோனிக்கு வழமையா 30 வீதம் வருது, மாசாமாசம் கட்டுற சந்தாவும் வருது. அப்ப அந்தக் கேமின்ர பயன் அந்தக் கேமின்ர விற்பனையோட முடியிறதில்லை. ஸ்குயர் எனிக்ஸுக்கு அந்தக் கதை இல்லை. ஃபைனல் ஃபேன்டசிக்காக ஒராள் பிளேஸ்டேசன் வாங்கினால் நல்லம் எண்டு சோனிதான் சிரிக்கும், ஸ்குயர் எனிக்ஸுக்குக் கிடைக்கிறது அந்த ஒரு கேமின்ர காசு. அதால ஸ்பைடர்மேனையும் ஃபைனல் ஃபேன்டசியையும் ஒரே தராசில வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

## "வித்தது" எண்டால் என்ன?

கொம்பனி அறிக்கையில வாற எண்ணை அப்பிடியே நம்பமுதல் அதின்ர சொல்லைப் பாக்கவேணும். ஃபைனல் ஃபேன்டசி 16இன்ர 30 லட்சம் எண்டது கடைகளுக்கு அனுப்பின டிஸ்க்கும், டிஜிட்டலா வித்ததும் சேர்ந்தது. கடைக்கு அனுப்பினதை ஷிப்மென்ட் எண்டுவினம், கடையிலயிருந்து ஆக்கள் காசு குடுத்து வாங்கினது செல்-த்ரூ. கடை றாக்கையில தூசி பிடிச்சுக் கிடக்கிற டிஸ்க்கும் ஷிப்மென்ட்டில எண்ணுப்படும். டிஜிட்டலில அந்த வித்தியாசம் இல்லை, வாங்கினால்தான் எண்ணிக்கை.

இன்னொரு சொல், "பிளேயர்ஸ்". 2023 செப்ரெம்பரில வந்த ஸ்டார்ஃபீல்ட் மைக்ரோசொஃப்ற்றின்ர கேம், அவையின்ர எக்ஸ்பொக்ஸ், பிசி ரெண்டுக்கும் வந்தது, அதே மாசமே 1 கோடி பிளேயர்ஸ் எண்டு அறிவிச்சவை. அது 1 கோடி கொப்பி இல்லை. கேம் பாஸ் எண்ட மாதச் சந்தாவில அந்தக் கேமும் சேர்ந்து கிடந்தது, சந்தாக் கட்டுற ஆள் ஒருக்காத் திறந்து பாத்தாலே அவரும் பிளேயர்தான். பிழையான எண் எண்டு சொல்ல வரேல்லை, மைக்ரோசொஃப்ற்றுக்குச் சந்தாதான் முக்கியம், அதால அவைக்கு அதுதான் சரியான அளவுகோல். ஆனா ஸ்டார்ஃபீல்டின்ர 1 கோடியையும் செல்டாவின்ர 1 கோடியையும் ஒரே வரியில எழுதுறது பிழை.

எங்கட பக்கத்துக்கு வந்தால் இது இன்னும் வடிவா விளங்கும். யாழ்ப்பாணத்தில ஒரு டிஸ்க் வந்தால் அது எத்தினை வீட்டுக்குப் போகும் எண்டு உங்களுக்குத் தெரியும். 70 டொலர் எண்டால் டொலர் 300 ரூபாப்படி 21,000 ரூபா, அதை ஒராள் வாங்கி முடிச்சு, சிநேகிதனுக்குக் குடுத்து, அவன் தன்ர மச்சானுக்குக் குடுத்து, கடைசியா பாதி விலைக்கு வித்தும் விடுவினம். நாலைஞ்சு பேர் முழுசா விளையாடி முடிச்சிருப்பினம், கொம்பனிக் கணக்கில அது ஒண்டு. கனடாவிலயிருந்து மாமா கொண்டந்து தந்த டிஸ்க் எண்டால் அது கனடாக் கணக்கில. இலங்கைக்கு எண்டு தனியா பிளேஸ்டேசன் ஸ்ரோர் இல்லாதபடியா டிஜிட்டலா வாங்குற பெடியளும் வேற நாட்டு எக்கவுண்டிலதான் வாங்குகினம், அதுவும் அந்த நாட்டுக் கணக்கில. பிளேஸ்டேசன் 2 காலத்தில கொப்பியடிச்ச சீடியில விளையாடின ஒரு தலைமுறையே இஞ்ச இருக்கு, அவை ஒரு கணக்கிலயும் இல்லை. ஒரு கேமை எவ்வளவு சனம் விரும்புது எண்டதும் எவ்வளவு வித்தது எண்டதும் எவ்வளவு தூரம் விலகி நிக்கும் எண்டதுக்கு எங்கட ஊரே காணும்.

## லாபம் எப்ப எழுதப்படுது

இதை விட்டிட்டுத்தான் கனபேர் கொம்பனி அறிக்கை வாசிக்கினம். அஞ்சாறு வருசம் கேம் செய்யேக்க போகிற செலவை அந்தந்த வருசமே நட்டமா எழுதாம, ஒரு கணக்கில சேர்த்து வைச்சு, கேம் வெளிவந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் செலவா எழுதுற முறை ஒண்டு இருக்கு, அமோர்டைசேசன் எண்டு சொல்லுவினம். அதோட கேம் வாற நேரம்தான் விளம்பரச் செலவும் உச்சம். அப்ப கேம் நல்லா விக்கிற அதே மூண்டு மாசத்திலதான் செலவும் வந்து மொத்தமா இறங்கும்.

ஸ்குயர் எனிக்ஸின்ர கணக்கு வருசம் ஏப்ரலில தொடங்கி மார்ச்சில முடியும். ஃபைனல் ஃபேன்டசி 16 வந்த 2023 ஏப்ரல்-யூன் காலாண்டில, அவையின்ர பெரிய கொன்சோல் கேம்கள் சேருற பிரிவு நட்டம் காட்டினது, காரணமாச் சொன்னது இந்த ரெண்டையும்தான். "30 லட்சம் வித்தும் நட்டம்" எண்டு தலைப்புப் போட்டு அது பரவினது. ஆனா அந்தக் காலாண்டில கேம் கடையில இருந்தது வெறும் ஒன்பது நாள். யூன் 22இலயிருந்து 30 வரைக்கும். ஒன்பது நாள் வியாபாரத்தையும் வருசக்கணக்கான செலவின்ர ஒரு பெரிய துண்டையும் ஒரே பெட்டியில போட்டுப் பாத்து ஒரு கேமின்ர தலையெழுத்தைச் சொல்லேலாது.

இன்னொரு எண்ணும் இதோட சேர்த்துச் சுத்துது. 2024 ஏப்ரல் கடைசியில ஸ்குயர் எனிக்ஸ் 2210 கோடி யென் நட்டமா எழுதப்போறம் எண்டு அறிவிச்சது. அதை ஃபைனல் ஃபேன்டசியால வந்த நட்டம் எண்டு கதைக்கிற ஆக்கள் இருக்கினம். அது செய்துகொண்டிருந்து இடையில கைவிட்ட கேம்களின்ர செலவு. வேற கதை.

## அப்ப 16 எட்டினதா இல்லையா?

நான் விளங்கிக்கொண்டபடி சொல்லுறன். விற்பனை, பிளேஸ்டேசன் 5 மட்டும் எண்ட கூரைக்குள்ள பாத்தால் நல்லம். லாபம், கொம்பனி வைச்சிருந்த எண்ணை எட்டேல்லை, அதைத் தலைவர் தகாஷி கிரியு 2024இல முதலீட்டாளருக்குச் சொன்னதாச் செய்திகள் வந்தது, ரீமேக்கின்ர அடுத்த பாகமான ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபெர்த்தையும் சேர்த்துத்தான். "லாபம்" எண்ட சொல்லைக் கவனியுங்கோ. ஆக்கள் வாங்கேல்லை எண்டது ஒரு குற்றச்சாட்டு, வாங்கினது எங்கட செலவுக்கும் ஆசைக்கும் காணேல்லை எண்டது வேற ஒரு வாக்குமூலம். முதலாவது கேமைப் பற்றினது, ரெண்டாவது திட்டத்தைப் பற்றினது. பிழை திட்டத்தில எண்டுதான் நான் நினைக்கிறன். பல கோடி கொன்சோலுக்கு விக்கிற அளவுக்கு ஒரு கேமைக் கட்டிப்போட்டு 4 கோடி கொன்சோலுக்குள்ள அடைச்சால், கேம் எவ்வளவு நல்லாயிருந்தும் கணக்கு முட்டும். அதைச் செய்த ஆக்களின்ர உழைப்பை ஃபிளொப் எண்ட ஒரு சொல்லால அடிச்சுப்போடுறது எனக்கு உண்மையிலயே மனவருத்தமான விசயம்.

உண்மையான தோல்வி எப்பிடியிருக்கும் எண்டு பாக்கவேணும் எண்டால் கொன்கோர்ட்டைப் பாருங்கோ. சோனியின்ர கேம், பிளேஸ்டேசன் 5க்கும் பிசிக்கும் 2024 ஓகஸ்ட் 23இல வந்தது, செப்ரெம்பர் 6இல சேர்வரையே நிப்பாட்டி வாங்கின எல்லாருக்கும் காசைத் திருப்பிக் குடுத்தவை. ரெண்டு கிழமை. அதே வருசம் பெப்ரவரியில அதே சோனி அதே மாதிரி ரெண்டு மேடையிலயும் விட்ட ஹெல்டைவர்ஸ் 2, 12 கிழமையில 1 கோடி 20 லட்சம் வித்தது. இந்த ரெண்டுக்கும் நடுவில எவ்வளவோ படி இருக்கு, 16 நிக்கிறது கொன்கோர்ட் நிக்கிற படியில இல்லை.

ரீபெர்த்தின்ர கணக்கு இன்னும் இறுக்கம். 2024 பெப்ரவரி 29இல வந்தது, கணக்கு வருசம் முடிய ஒரு மாசம்தான் இருந்தது. அது மூண்டு பாகக் கதையின்ர ரெண்டாம் பாகம். முதல் பாகமான ரீமேக்கை 2023 செப்ரெம்பர் வரைக்கும் 70 லட்சத்துக்கு மேல ஆக்கள் வாங்கியிருந்தவை, ஆனா அது பிளேஸ்டேசன் 4இல தொடங்கினது, பிசியிலயும் வந்தது. ரெண்டாம் பாகம் பிளேஸ்டேசன் 5க்கு மட்டும். முதல் பாகத்தை விளையாடியிருக்கவும் வேணும், புதுக் கொன்சோலும் இருக்கவேணும். ஒரு கூரைக்குக் கீழ இன்னொரு கூரை. விமர்சனத்தில உச்சத்தில நிண்ட கேம், வெளிவந்த கையோட எத்தினை வித்தது எண்டு ரீமேக்குக்கும் 16க்கும் அறிவிச்ச மாதிரி ஒரு எண்ணைக் கொம்பனி அறிவிக்கேல்லை.

2024 மே மாசம் கொம்பனி தன்ர மூண்டு வருசத் திட்டத்தை வெளியிடேக்க இனிப் பெரிய கேம்களை நின்டெண்டோ, பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ், பிசி எண்டு எல்லா இடத்துக்கும் விடப்போறம் எண்டு எழுதினது. 16, 2024 செப்ரெம்பரில பிசிக்கும், 2025 யூனில எக்ஸ்பொக்ஸுக்கும் வந்தது. ரீபெர்த் 2025 ஜனவரியில பிசிக்கு வந்தது. ரீமேக்கை ஸ்விச் 2க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் கொண்டு வாறம் எண்டு 2025இல அறிவிச்சவை. மூண்டாம் பாகம் வரேக்க முதல் பாகத்தை முடிச்ச ஆக்கள் எல்லா மேடையிலயும் இருக்கவேணும் எண்டால் இப்பிடித்தான் செய்யவேணும், அந்தப் பாகத்தின்ர எண் வாற நாளில அதைப் பிரிக்கிறதுக்கு பிளேஸ்டேசன் 5இன்ர இன்ஸ்டால் பேஸ் மட்டும் காணாது.